நான் பாஸ் செய்த நிறம்

எங்கள் சாயப்பட்டறையில் ஒரு ஏற்பாடு உண்டு. சாயம் கலக்கியவர் தன் கலவையைத் தானே பாஸ் செய்யக் கூடாது. எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், தன் கையால் கலக்கியதைப் பார்க்கும்போது கண் கொஞ்சம் சலுகை காட்டிவிடும். அதனால் கலக்க ஒருவர், பார்க்க ஒருவர். பதினான்கு வருடங்களாகக் கலக்கியவர் மாஸ்டர். பார்த்தவன் நான்.

மாஸ்டர் ஒரு சாண் துணியைச் சாயத்தில் முக்கி, அலசி, காயவைத்து, வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுவருவார். வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரித் துண்டையும் அதையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒத்துப்போனால் ‘பாஸ்’ என்பேன். இல்லையென்றால் ‘ஒரு ஷேடு இருட்டு’, ‘அரை ஷேடு வெளுப்பு’ என்று சொல்வேன். எல்லாம் பகல் வெளிச்சத்தில்தான். பல்பு வெளிச்சத்தில் பார்த்து பாஸ் செய்வது எங்கள் தொழிலில் பாவம். மேகம் மூடிவிட்டால் துண்டை மேசைமேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நான் ‘பாஸ் இல்லை’ என்று சொன்னால் மாஸ்டர் என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார். திட்டிக்கொண்டே போய் மறுபடி கலக்குவார். நான் பாஸ் என்றால் மறுபேச்சே கிடையாது. அதற்கப்புறம் அந்தத் துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

எனக்கு அவர் வைத்த பெயர் கண்ணாடி. எட்டாம் வகுப்பிலிருந்து தடிமனான மூக்குக்கண்ணாடி போட்டவன் நான். எங்கள் பட்டறையின் லாரி டிரைவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். “கண்ணு தெரியாதவன் பாத்து பாஸ் பண்றான், உலகமே அதை வாங்கி உடுத்திக்குது.”

மாஸ்டர் முப்பது வருடம் முன்பு டிரம் கழுவும் வேலைக்கு வந்து, கலக்கும் மேசைக்கு உயர்ந்தவர். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அந்த வாரம் பட்டறையில் என்ன ஓடுகிறது என்பதைத் தலையணை உறையைப் பார்த்தே அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, சொல்லிவிடுவார். மாஸ்டர் வெளியே போனால் வெள்ளைச் சட்டை மட்டும்தான் போடுவார். ஏன் என்று கேட்டால், “கண்ணுக்கும் வாரத்துல ஒருநாள் லீவு வேணாமாடா?” என்பார். மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். அவர் பயந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

அது போன வருடம். அண்ணியின் மார்பில் ஒரு கட்டி. ஆபத்தானதா இல்லையா என்ற முடிவு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் மாஸ்டர் யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஒருநாள் ஜன்னலோரத்தில் என்னிடம் மட்டும் சொன்னார். “ஒண்ணுமில்லன்னு வந்துட்டா மலைக்கோயிலுக்கு சைக்கிள்ல போறதா வேண்டிக்கிட்டேன். முழுசா மிதிச்சுத்தான். நடுவுல இன்ஜின் வச்ச வண்டியில ஏறினா வேண்டுதல் செல்லாது.”

ஒன்றுமில்லை என்றுதான் வந்தது.

மலைக்கோயில் முந்நூற்றெண்பது கிலோமீட்டர். வருடத்துக்கு ஒருமுறை பாய்லரைத் திறந்து சோதனை போடும் வாரம் பட்டறைக்கு விடுமுறை. அந்த வாரத்தில் ஐந்து நாளில் போய்ச் சேருவதாகத் திட்டம். மாஸ்டர், அவருடைய மச்சானான தச்சர், டிரைவர், நான் என்று நாலு பேர். எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. ஆனால் ஆசை இருந்தது. இதற்கு முன் இரண்டு முறை வேறு ஆட்களோடு கிளம்பி, ஒருமுறை மழையாலும் ஒருமுறை எவனுக்கோ இடுப்புப் பிடித்ததாலும் பாதியில் திரும்பியவன் நான். எதைத் தொட்டாலும் பாதியில் விடுபவன் என்று வீட்டில் எனக்கு ஒரு பட்டமே உண்டு. இந்த முறை விடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். இதை இங்கே சொல்லிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

டிரைவரும் நானும் தச்சரும் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிப் பழகினோம். மாஸ்டர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது ஒரு ஷேடு கெட்டுப்போய்ப் பட்டறையில் அவரைக் கூப்பிடுவார்கள். “தினம் வீட்டுலேருந்து பட்டறைக்கு மிதிக்கிறேனே, அது என்ன விமானமா?” என்று கேட்டார். வீட்டுக்கும் பட்டறைக்கும் மூன்று கிலோமீட்டர்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழுக்கச் சிவப்புதான் ஓடியது. பெரிய ஆர்டர். எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நீலம் ஓடும் வாரம் மூக்கைச் சிந்தினால் நீலம் வரும். சிவப்பு ஓடும் வாரம் பனியன் அக்குளில் ரோஜா நிறமாகும். சிறுநீரும் நிறம் மாறும். புதிதாக வந்தவன் கழிப்பறையிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவருவதும், நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதும் வருடா வருடம் நடப்பது. ‘சாயம் இறங்குது’ என்போம். இரண்டு நாள் போனால் சரியாகிவிடும்.

முதல் நாள் எண்பது கிலோமீட்டர் நன்றாகவே போனது. மாஸ்டர்தான் முன்னால் போனார். இரண்டாம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலுக்கு ஒரு மரம் இல்லாத சாலை. மாஸ்டருக்குத் தொடை இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. டிரைவர் வைத்திருந்த மூட்டுவலி மாத்திரையில் காலையில் இரண்டு, மதியம் இரண்டு விழுங்கினார். தண்ணீர் குடித்தால் வயிற்றில் குலுங்குகிறது என்று வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. தச்சர் அதிகம் பேசாத ஆள். அவரே இரண்டு முறை, “மாமா, தண்ணி குடிங்க” என்றார். “நீ முன்னால பாத்து ஓட்டு” என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றோம். கழிப்பறைக்குப் போன மாஸ்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “கண்ணாடி, இங்க வா.”

போனேன். வெள்ளைப் பீங்கானில், வெளிறிய செம்பழுப்பாக நின்றது. மேலே ஒரு திறப்பு வழியாக நல்ல வெளிச்சம்.

“என்னடா இது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போன வாரச் சிவப்புண்ணே. உங்க கலவைதான், உங்களுக்கே அடையாளம் தெரியலையா? பாஸ், போங்க.”

அவரும் சிரித்தார். தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்து, டிரைவரிடம், “சாயம் இறங்குதுடா, புண்ணிய யாத்திரைன்னா சும்மாவா” என்று ஜோக் அடித்தார். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் நினைத்தே பார்க்கவில்லை. நான்தான் பாஸ் செய்துவிட்டேனே.

இதுவரை நடந்தது அறியாமை. இதற்காக என்னை நானே மன்னித்துவிடுவேன். அடுத்த நாள் காலை நடந்ததைத்தான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று இரவு ஒரு லாட்ஜில் தங்கினோம். மாஸ்டரும் நானும் ஒரு அறை. காலை ஆறு மணிக்கு அவர் கட்டிலிலிருந்து எழவே கட்டிலின் சட்டத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. குளியலறைக்குப் போய் வந்து, கதவருகிலேயே நின்றார். கையால் உள்ளே காட்டினார்.

ஜன்னல் இல்லாத குளியலறை. சுவரில் மஞ்சள் பல்பு ஒன்று. வெள்ளைக் கோப்பைக்குள் கிடந்தது, பால் ஊற்றாத கடுங்காப்பி நிறத்தில்.

பட்டறையை விட்டு மூன்று நாளாகிவிட்டது. அலச அலசச் சாயம் வெளுக்க வேண்டும். எந்த ஊரில் அலச அலசக் கறுத்திருக்கிறது? பதினான்கு வருடம் அந்த ஜன்னலில் நின்றவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. பார்த்த அந்த நொடியே தெரிந்தது.

கூடவே வேறொன்றும் மனதில் ஓடியது. இப்போது நான் வாயைத் திறந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் அன்றைய நாள் போச்சு, பயணமும் போச்சு. மூன்றாவது முறையும் பாதியில் திரும்பியவனாக வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்காதா என்று எத்தனையோ நாள் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

“பல்பு வெளிச்சத்துல எதுவும் சொல்ல முடியாதுண்ணே” என்றேன். “வழியில பகல்ல பாத்துக்கலாம்.”

மாஸ்டர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி” என்றார். போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

வழியில் பார்க்க எதுவும் வரவில்லை. அன்று முழுக்க அவருக்குச் சிறுநீரே இறங்கவில்லை. பத்து மணிக்கு வாந்தி எடுத்தார். பதினொன்றுக்கு மறுபடி. முகம் வீங்கி, கண் உள்ளே போனது. “வெயில்” என்றார் அவர். “வெயில்தான்” என்றேன் நான். ஒரு மேட்டில் ஏறும்போது சைக்கிள் அப்படியே நின்று, மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தது. அவரால் காலைக் கீழே ஊன்ற முடியவில்லை. தச்சர் பேண்ட்டைச் சுருட்டிப் பார்த்தார். தொடை இரண்டும் பலகையாக விறைத்துக் கிடந்தன.

டிரைவர் சாலை நடுவில் நின்று, சிமெண்ட் குழாய் ஏற்றி வந்த ஒரு லாரியை மறித்தான். மாஸ்டர் ஏற மறுத்தார். எழுந்து நிற்கக்கூட முடியாத மனுஷன், கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏற மாட்டேன். அவளுக்காக வேண்டினது. திரும்ப வந்துடுச்சுன்னா யார்டா பொறுப்பு?” என்று கத்தினார். எங்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தச்சர்தான் அவர் முன்னால் உட்கார்ந்தார்.

“மாமா, அக்கா கேட்டா நான் என்ன சொல்லட்டும்? உன் கட்டிக்காக உன் புருஷனை ரோட்டுல விட்டுட்டு வந்தேன்னு சொல்லட்டுமா?”

தச்சர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மாஸ்டர் அழுதார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார்: சைக்கிளும் கூட வர வேண்டும், மிதிப்பது நிற்கக் கூடாது. அவரைக் குழாய்களுக்கு நடுவே படுக்கவைத்து, அவருடைய சைக்கிளையும் பக்கத்தில் ஏற்றினோம். லாரி கிளம்பியதும் கையை நீட்டிப் பெடலைப் பிடித்தார். படுத்தபடியே கையால் சுற்ற ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வரை நாற்பது நிமிடம் அந்தப் பின்சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டே வந்தது. கை ஓய்ந்தபோது தச்சர் வாங்கிச் சுற்றப் போனார், மாஸ்டர் விடவில்லை. “நீ சுத்தினா உன் கணக்குலதான்டா சேரும்” என்றார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா. வயிற்றையும் தொடையையும் அழுத்திப் பார்த்ததும் முதல் கேள்வியாக, “யூரின் என்ன கலர்ல போச்சு?” என்று கேட்டார்.

மாஸ்டர் கண்ணை மூடியபடியே சொன்னார். “கண்ணாடியைக் கேளுங்க. அவன்தான் பாத்தான்.”

“செம்பழுப்பு” என்றேன். “நேத்து சாயங்காலம். நாங்க சாயப்பட்டறை ஆளுங்க. அதனால சாயம்னு நினைச்சுட்டோம்.” காலையில் பார்த்த கறுப்பு தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

டாக்டரம்மா எங்களுக்குப் புரியும்படி சொன்னார். பழக்கமில்லாத உழைப்பு, வெயில், தண்ணீர் இல்லாமை, மேலே அந்த மாத்திரைகள் வேறு. தசை உடைந்து கரைந்திருக்கிறது. தசையிலிருக்கும் சிவப்புதான் ரத்தத்தில் கலந்து, போய்ச் சிறுநீரகத்தை அடைத்திருக்கிறது. இறங்கியது எங்கள் பட்டறைச் சாயமில்லை, அவருடைய சொந்தத் தசை.

“நேத்தே வந்திருந்தா சலைன் ஏத்தியே கழுவி விட்டிருக்கலாம்” என்றார். “ஏன், இன்னைக்குக் காலையில வந்திருந்தாக்கூட நிறைய வித்தியாசம் இருந்திருக்கும். இப்ப டயாலிசிஸ்தான். சிறுநீரகம் திரும்புமா திரும்பாதான்னு பொறுத்துத்தான் பாக்கணும்.”

இன்னைக்குக் காலையில வந்திருந்தாக்கூட. இந்த மூன்று வார்த்தையும் இன்றுவரை என் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் அண்ணி வந்தார். அழுது ஆர்ப்பாட்டம் செய்வார் என்று பயந்தேன். அவர் செய்யவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கணவரின் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிவப்பு இன்னும் போகவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க கூட இருக்கீங்கன்னுதான் தம்பி தைரியமா அனுப்பினேன்” என்றார். குத்திக்காட்டவில்லை, மனதாரத்தான் சொன்னார். நான் டீ வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாஸ்டருக்குப் பதிலாக மீதி தூரத்தை மிதித்து வேண்டுதலை முடிப்பதாக டிரைவர் சொன்னான், வேண்டுமானால் மாஸ்டரின் சைக்கிளிலேயே. மாஸ்டர் வேண்டாமென்றுவிட்டார். பட்டறை திறந்ததும் டிரைவர் ஊருக்குக் கிளம்பினான். தச்சரும் அண்ணியும் நானும் மாறி மாறி ஆஸ்பத்திரியில் இருந்தோம். நான் சம்பளமில்லா விடுப்பு போட்டேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். கட்டிலுக்கடியில் ஒரு பை தொங்கும். அதில் சிறுநீர் சேர்கிறதா என்பதுதான் எங்கள் எல்லோருடைய ஒரே கவலையும். மாஸ்டருக்குப் படுத்த இடத்திலிருந்து பை தெரியாது. தினமும் காலையில் என்னைத்தான் கேட்பார்.

“கண்ணாடி, ஏதாவது இருக்கா?”

“இல்லண்ணே.”

“சரி.”

பத்து நாள் இப்படியே போனது. பிறகு பையையும் எடுத்துவிட்டார்கள். இருந்தால்தானே பை. இரவு பகலாக நான் ஒன்றையே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்: ‘அண்ணே, மூணாம் நாள் காலையில எனக்குத் தெரிஞ்சுது.’ ஆறு வார்த்தை. வாய் வரை வரும். அவர் அந்த வீங்கிய முகத்தோடு என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிடும்.

பதினேழாம் நாள் காலை பத்து மணி இருக்கும். அண்ணி மருந்துக் கடைக்குப் போயிருந்தார். மாஸ்டர் என் கையைத் தட்டிப் பாட்டிலைக் காட்டினார். அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் பாட்டில். திரையை இழுத்துவிட்டுப் பிடித்தேன். ஒரு சொட்டு, பிறகு இரண்டு. பிறகு நிஜமாகவே வந்தது. ஒரு டம்ளர் அளவு இருக்கும்.

நர்ஸைக் கூப்பிடத் திரும்பினேன்.

“இரு” என்றார். “முதல்ல ஜன்னல் பக்கம் கொண்டுபோ.”

அந்த அறை ஜன்னல் எந்தத் திசை என்று நான் அதுவரை யோசித்ததில்லை. வெயில் நேராக விழாத நல்ல வெளிச்சம். பாட்டிலைத் தூக்கிப் பிடித்தேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னேன்.

“அண்ணே. மூணாம் நாள் காலையில, அந்த லாட்ஜுல... எனக்குத் தெரிஞ்சுதுண்ணே. சாயம் இல்லன்னு பாத்தவுடனே தெரிஞ்சுது. எங்க திரும்பிப் போகச் சொல்லிடுவாங்களோன்னுதான் நான்...”

என் ஏழு தலைமுறையையும் இழுப்பார் என்று காத்திருந்தேன். இழுத்தால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

“எனக்கும்தான் தெரிஞ்சுது” என்றார் மாஸ்டர். “முப்பது வருஷமா சாயத்துல நிக்கிறவன். அலச அலசக் கறுக்காதுன்னு எனக்குத் தெரியாதா?”

திரும்பினேன். அவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிறுத்தணும்னு எனக்கு வாய் வரல. வேண்டுதல் என்னோடது. என் கண்ணு எனக்குத்தானே சலுகை காட்டும். அதான் உன்னைக் கூப்பிட்டுக் காமிச்சேன். நீ பாஸ் இல்லன்னு சொல்லிட்டா இறங்கிடலாம்னு நின்னேன்.”

பாட்டில் இன்னும் என் கையிலேயே இருந்தது.

“சரி, இப்பச் சொல்லு” என்றார். “எப்படி இருக்கு?”

பொய் சொல்வது சுலபம். நல்லாயிருக்குண்ணே, பாஸ் என்று சொல்லிவிடலாம். அந்த முகம் அதைத்தான் கேட்டது. பாட்டிலை மறுபடி தூக்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்த்தேன்.

“பாஸ் இல்லண்ணே” என்றேன். “இன்னும் ரெண்டு ஷேடு இருட்டு.”

அவர் தலையை ஆட்டினார். கோபமாக இல்லை. திட்டி முடித்து, கலக்கும் மேசைக்குத் திரும்பப் போகும்போது எப்போதும் ஆட்டுவாரே, அப்படி.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லடா” என்றார்.